சம்பாதித்தது மகன்... பணம் யாருக்கு? ஹாலிவுட் சட்டத்தையே மாற்ற வைத்த 'தி கிட்' சிறுவன் ஜாக்கி கூகன்!

சார்லி சாப்ளினின் அந்த ஸ்டில் எப்படியும் ஒருமுறையாவது உங்கள் மொபைலுக்கு வந்திருக்கும். ஒரு வாசற்படியில் கிழிசல் கோட்டோடு சாப்ளின் உட்கார்ந்திருப்பார். அவரை ஒட்டினாற்போல, பெரிய தொப்பியும் தொளதொள உடுப்புமாக ஒரு பொடியன். இரண்டு பேர் முகத்திலும் ஒரே கவலை.

அந்தப் பொடியனின் பெயர் ஜாக்கி கூகன். 'தி கிட்' படம் வெளியான 1921-ல் அவனுக்கு வயது 6. அடுத்த சில வருடங்களில் உலகிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் நட்சத்திரங்களில் ஒருவன் ஆனான். 23 வயதில், தான் சம்பாதித்த பணம் எங்கே என்று கேட்டுப் பெற்ற தாய் மீதே வழக்குப் போட்டார். அப்போதுதான் அமெரிக்காவே ஒரு விஷயத்தைக் கவனித்தது. அன்றைய கலிஃபோர்னியா சட்டப்படி அந்தப் பணத்தில் ஒரு டாலரைக்கூட உரிமையோடு கேட்க அவரால் முடியாது.

ஏன் முடியாது? அதற்குப் பிறகு என்ன மாறியது? இன்று யூடியூப், இன்ஸ்டாவில் குழந்தைகளை வைத்து வீடியோ போடும் பெற்றோர் வரைக்கும் இந்தக் கதை எப்படி வந்து நிற்கிறது? பார்ப்போம்.

சாப்ளின் கண்ணில் பட்டது எப்படி?

ஜாக்கி பிறந்தது 1914 அக்டோபர் 26, லாஸ் ஏஞ்சல்ஸில். அப்பா ஜாக் கூகன் மேடை நடனக் கலைஞர். அம்மா லில்லியனும் மேடைக் குடும்பம்தான். பாட்டு, டான்ஸ், காமெடி எல்லாம் கலந்து ஊர் ஊராகப் போகும் 'வாட்வில்' நிகழ்ச்சிகள் அங்கே கொடிகட்டிப் பறந்த காலம் அது. நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே ஜாக்கியும் மேடை ஏறிவிட்டான்.

1919. சாப்ளினுக்கு மோசமான வருடம். ஜூலையில் அவருக்குப் பிறந்த முதல் குழந்தை மூன்றே நாளில் இறந்துபோனது. திருமண வாழ்க்கையும் ஆட்டம் கண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் லாஸ் ஏஞ்சல்ஸின் ஆர்ஃபியம் தியேட்டரில் ஜாக் கூகன் நடனமாடி முடித்ததும், கூடவே மேடைக்கு வந்த 4 வயது மகனைச் சாப்ளின் பார்க்கிறார். என்ன செய்து காட்டினாலும் அப்படியே திருப்பிச் செய்கிற குழந்தை. சாப்ளினின் தலைக்குள் கதை ஓட ஆரம்பித்துவிட்டது.

அதற்குள் ஒரு குழப்பம். இன்னொரு பெரிய காமெடி நடிகரான ராஸ்கோ ஆர்பக்கிள் 'கூகனை' ஒப்பந்தம் செய்துவிட்டார் என்று செய்தி வர, சாப்ளின் இடிந்துபோகிறார். விசாரித்தால், ஆர்பக்கிள் எடுத்தது அப்பாவை, மகனை இல்லை! உடனே ஜாக்கி சாப்ளின் பக்கம் வந்துவிட்டான். முதலில் 'எ டேஸ் ப்ளெஷர்' என்ற குட்டிப் படத்தில் ஒரு சின்ன வேடம். பிறகு 'தி கிட்'.

பெற்ற தாய் ஒரு பணக்காரரின் காரில் விட்டுப்போன குழந்தை, கார் திருடர்கள் கையால் சந்தில் வந்து விழுகிறது. ஒரு வேளைச் சோற்றுக்கே வழியில்லாத சாப்ளின் அதை எடுத்து வளர்க்கிறார். பையன் தெருவில் ஓடிப்போய்க் கண்ணாடி ஜன்னல்களைக் கல்லால் அடித்து உடைப்பான். பின்னாலேயே கண்ணாடி மாட்டும் தொழிலாளியாகச் சாப்ளின் வருவார். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அநாதை இல்லத்து ஆட்கள் பையனைப் பிடித்து லாரியில் ஏற்றுவார்கள். கையை நீட்டி அவன் அழும் அந்தக் காட்சியை 100 வருடம் கழித்துப் பார்த்தாலும் தொண்டை அடைக்கும்.

அந்த அழுகை எப்படி வந்தது என்பதைச் சாப்ளினே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பையன் அன்று நல்ல குஷியில் இருந்ததால் அழுகை வரவில்லை. 'நான் அழவைக்கிறேன்' என்று பொறுப்பேற்றது அப்பா. ஒழுங்காக அழாவிட்டால் நிஜமாகவே அநாதை இல்லத்துக்கு அனுப்பிவிடுவேன் என்று மகனை மிரட்டினார். அவன் தேம்பித் தேம்பி அழ, கேமரா ஓடியது. காட்சி முடிந்ததும் சாப்ளின் சமாதானப்படுத்தப் போனால், அப்பா சும்மாதான் சொன்னார் என்று தனக்குத் தெரியும் என அவன் காதோரம் சொன்னானாம். அழகான குட்டிக் கதையாகத்தான் இது பல இடங்களில் சொல்லப்படுகிறது. ஆனால் 5 வயதுக் குழந்தையின் பயம் படப்பிடிப்புத் தளத்தில் ஒரு 'சாமான்' மாதிரி பயன்பட்டது என்பதும் இதே கதைக்குள்தான் இருக்கிறது.

பொம்மை, விசில், பீநட் பட்டர்... எல்லாமே ஜாக்கி!

'தி கிட்' உலகம் முழுக்க ஓடியது. பேசாத படம் என்பதால் மொழிச் சிக்கலே இல்லை. எந்த ஊர் ரசிகருக்கும் ஜாக்கி தன் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டான். 1922-ல் 'ஆலிவர் ட்விஸ்ட்', 1923-ல் 'டாடி', 'சர்க்கஸ் டேஸ்' என்று படங்கள் வரிசை கட்டின. பெரும்பாலும் அதே வேடம்தான்: கிழிந்த சட்டை, பெரிய கண்கள், யாருமற்ற பிள்ளை.

இதில் 'ஆலிவர் ட்விஸ்ட்' பற்றி ஒரு கூடுதல் தகவல். பல பத்தாண்டுகள் காணாமலே போயிருந்த இந்தப் படத்தின் பிரதி 1970-களில் யூகோஸ்லாவியாவில் கிடைத்தது. நடுநடுவே வரும் எழுத்து அட்டைகள் அதில் இல்லை. அவற்றைத் திரும்ப உருவாக்க உதவியவர்களில் ஒருவர், அப்போது முதியவராகியிருந்த ஜாக்கி கூகனேதான்.

பணம் எவ்வளவு வந்தது? 1923-ல் மெட்ரோ நிறுவனம் அவனைத் தன் பக்கம் இழுக்க, கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் 5 லட்சம் டாலர் கொடுத்தது. சம்பளம் தனி, லாபத்தில் பங்கு தனி. ஜாக்கி முகம் போட்ட பொம்மைகள், விசில்கள், எழுதும் தாள்கள், பீநட் பட்டர் டப்பாக்கள் என்று கடைகளில் குவிந்த பொருட்களும் வருமானம் கொடுத்தன. சிறுவயதில் அவன் ஈட்டிய மொத்தத் தொகை 30 முதல் 40 லட்சம் டாலர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அந்த 1920-களின் நடுவில் ஒரு ஃபோர்டு மாடல் டி காரை 300 டாலருக்கும் குறைவாக வாங்கலாம். அப்படியென்றால் 10,000 கார் வாங்கும் பணம்!

அந்தப் பையனின் சொந்தக் கைச்செலவுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 6.25 டாலர்.

1924-ல் இன்னொரு விஷயம் நடந்தது. முதல் உலகப் போரிலும் அதை ஒட்டிய படுகொலைகளிலும் பெற்றோரை இழந்த ஆர்மீனிய, கிரேக்கக் குழந்தைகளுக்காக 'நியர் ஈஸ்ட் ரிலீஃப்' என்ற அமைப்பு நிவாரணம் திரட்டியது. அதற்காக 9 வயது ஜாக்கி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயணம் செய்தான். உணவு, துணி என்று 10 லட்சம் டாலருக்கும் மேல் மதிப்புள்ள பொருட்கள் சேர்ந்தன. போகிற இடமெல்லாம் கூட்டம். போப் பதினொன்றாம் பயஸையும் சந்தித்தான். திரையில் அநாதையாக நடித்த பிள்ளை, நிஜ அநாதைகளுக்காகக் கப்பலேறியது உண்மையிலேயே பெரிய விஷயம்தான்.

முடி வெட்டியதே ஒரு படம்

குழந்தை நட்சத்திரத்துக்கு ஒரே எதிரி வயசு. ஜாக்கியின் நெற்றியை மூடும் 'கிராப்' அவனுடைய அடையாளமாகவே இருந்தது. பையன் வளர்ந்துகொண்டே போகிறான், இனி அதை வெட்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்ததும், அதையும் வீணாக்கவில்லை. 1927-ல் 'ஜானி கெட் யுவர் ஹேர் கட்' என்று ஒரு படமே எடுத்து, முடி வெட்டுவதையே விளம்பரமாக்கிவிட்டார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் பக்கா கன்டென்ட்!

அதன் பிறகு வேகம் குறைந்தது. பேசும்படம் வந்த பிறகு 1930-ல் 'டாம் சாயர்', 1931-ல் 'ஹக்கிள்பெரி ஃபின்'. இரண்டிலும் ஜாக்கி டாமாகவும், ஜூனியர் டர்கின் என்ற நண்பன் ஹக்காகவும் நடித்தார்கள். அத்தோடு அந்தப் பெரிய நாட்கள் முடிந்தன.

1935 மே 4 அன்று, வேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பிய கார் சான் டியாகோ பகுதி மலைப்பாதையில் விபத்துக்குள்ளானது. அப்பா ஜாக் கூகன், 19 வயது ஜூனியர் டர்கின் உட்பட 4 பேர் இறந்தார்கள். காரில் இருந்தவர்களில் உயிர் பிழைத்தது ஜாக்கி மட்டும்தான்.

அப்போது அவருக்கு 21 வயது முடிய இன்னும் ஐந்தரை மாதம் இருந்தது. மேஜர் ஆனதும் தன் பணம் தன் கைக்கு வரும் என்பதுதான் அவருடைய எண்ணம். அக்டோபரில் பிறந்தநாள் வந்தது. பணம் வரவில்லை.

அம்மா சொன்ன பதில் என்ன?

அப்பா இறந்த பிறகு, குடும்பத்தின் பண விவகாரங்களைப் பார்த்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டீனை அம்மா மறுமணம் செய்துகொண்டார். கணக்கு வழக்கு முழுக்க அவர்கள் இருவர் கையில். ஃபர் கோட், வைர நகை, விலை உயர்ந்த கார் என்று செலவு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டுப் பார்த்த ஜாக்கி, 1938 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்துக்குப் போனார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், பின்னாளில் பெரிய நட்சத்திரமாகப் போகும் நடிகை பெட்டி கிரேபிளை அவர் திருமணம் செய்திருந்தார்.

அம்மா தரப்பின் பதில் பத்திரிகைகளில் முதல் பக்கத்துக்கு வந்தது. அவனுக்கு எதையும் தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. 21 வயதுக்கு முன் பிள்ளை சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலரும் பெற்றோருக்குத்தான் சொந்தம் என்பதே அதன் சாரம். கேமரா முன்னால் அவன் விளையாடிக்கொண்டுதானே இருந்தான் என்றும் அந்தத் தரப்பு வாதிட்டது.

கேட்கவே கசப்பாக இருக்கிறது, இல்லையா? ஆனால் சட்டம் அம்மா பக்கம்தான் இருந்தது. மைனர் பிள்ளையின் உழைப்பும் கூலியும் அதை வளர்க்கும் பெற்றோருக்கு உரியது என்பது அன்று அங்கே நடைமுறையில் இருந்த பழைய விதி. வயலிலும் பட்டறையிலும் அப்பாவுக்குக் கூடமாட வேலை செய்யும் பிள்ளையை மனதில் வைத்து வந்த விதி அது. ஒரு 6 வயதுப் பையன் லட்சக்கணக்கில் சம்பாதித்து, மொத்தக் குடும்பத்தையும் அவனே தாங்குவான் என்று அதை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வழக்கு இழுத்தடித்து 1939-ல் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் மிச்சம் இருந்த சொத்தே சுமார் 2.5 லட்சம் டாலர்தான். வக்கீல் செலவு எல்லாம் போக ஜாக்கி கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். சம்பாதித்த ஒவ்வொரு 100 டாலருக்கும் 3, 4 டாலர். அதே ஆண்டு பெட்டி கிரேபிளுடனான மணவாழ்க்கையும் முறிந்தது. பணக் கஷ்டத்தில் இருந்தபோது அவர் உதவி கேட்டுப் போன இடங்களில் ஒன்று சாப்ளின் வீடு. தயங்காமல் 1,000 டாலரை எடுத்துக் கொடுத்தார் சாப்ளின்.

'கூகன் சட்டம்' என்ன சொன்னது?

வழக்கைப் படித்த மக்கள் கொதித்துப்போனார்கள். திரையில் பார்த்து அழுத அதே பிள்ளை அல்லவா! 1939-லேயே கலிஃபோர்னியா, குழந்தை நடிகர்களுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. 'கூகன் சட்டம்' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. குழந்தையோடு போடும் ஒப்பந்தத்தை நீதிமன்றம் அங்கீகரிக்கும்போது, வருமானத்தில் ஒரு பகுதியை, அதிகபட்சம் பாதி வரை, குழந்தையின் பெயரில் ஒதுக்கி வைக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம் என்றது அது.

இங்கேதான் ட்விஸ்ட். 'உத்தரவிடலாம்' என்று இருந்ததே தவிர, உத்தரவிட்டே ஆகவேண்டும் என்று இல்லை. அதுவும் நீதிமன்றத்துக்கு வரும் ஒப்பந்தங்களுக்கு மட்டும். மைனர் ஒருவர் போட்ட ஒப்பந்தத்தை அவரே பின்னால் ரத்து செய்துவிட முடியும் என்பதால், நீண்டகால ஒப்பந்தம் போடும் பெரிய ஸ்டூடியோக்கள் பாதுகாப்புக்காக நீதிமன்றம் போகும். ஒரு படம், ஒரு விளம்பரம் என்று சின்னச் சின்ன வேலைக்கு எடுப்பவர்கள் போகமாட்டார்கள். பிற்காலத்தில் ஸ்டூடியோக்களின் மாதச் சம்பள முறை உடைந்து, படத்துக்குப் படம் ஒப்பந்தம் என்று ஆனபோது, பெரும்பாலான குழந்தைகள் இந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். அப்போதும் சம்பளம் பெற்றோருக்கே சொந்தம் என்ற பழைய அடிப்படை மாறாமல் அப்படியே இருந்தது.

சட்டம் வந்தும் பலன் இல்லாமல் போனதற்குப் பெரிய உதாரணம் ஷெர்லி டெம்பிள். 1930-களில் ஜாக்கியையும் தாண்டிய புகழ் பெற்ற சிறுமி. வளர்ந்த பிறகு கணக்கைப் பார்த்தால், சம்பாதித்த சுமார் 32 லட்சம் டாலரில் மிஞ்சியது சுமார் 44,000 டாலர். நீதிமன்றம் சொன்னபடி அறக்கட்டளைக் கணக்கில் போடவேண்டிய பணத்தை அவருடைய அப்பா போடவே இல்லை. இதை 1988-ல் வந்த சுயசரிதையில் ஷெர்லியே சொல்லியிருக்கிறார். மௌனப்பட காலத்தில் ஜாக்கிக்குப் போட்டியாக இருந்த 'பேபி பெக்கி'யின் கதையும் இதேதான். லட்சங்கள் சம்பாதித்து, வளர்ந்தபோது கையில் ஒன்றும் இல்லை.

அசாமில் இருந்து பறந்த ஜாக்கி

நடிப்பு வாய்ப்பு குறைந்த ஜாக்கி 1941 மார்ச்சில் ராணுவத்தில் சேர்ந்தார். ஏற்கெனவே விமானம் ஓட்டத் தெரிந்தவர் என்பதால், கிளைடர் பைலட் ஆனார். கிளைடர் என்றால் என்ஜினே இல்லாத விமானம். இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் விடும். அதன் பிறகு காற்றும் பைலட்டின் கையும்தான்.

இந்தியாவோடு அவருக்குள்ள தொடர்பு இங்கே வருகிறது. 1944 மார்ச் 5 இரவு, இன்றைய அசாமில் உள்ள லாலாகாட் என்ற ஓடுதளத்தில் இருந்து அமெரிக்கக் கிளைடர்கள் கிளம்பின. பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் 'சிந்திட்' படையினரைச் சுமந்துகொண்டு, பர்மாவில் ஜப்பானியப் படைகளுக்குப் பின்புறம் காட்டுக்குள் இறங்க வேண்டும். வழியிலும் தரையிறங்கும்போதும் பல கிளைடர்கள் நொறுங்கின. அந்த ஆபரேஷனில் பறந்த பைலட்டுகளில் ஒருவர் ஜாக்கி கூகன். 'தி கிட்' பார்த்து அழுத எத்தனை பேர் அன்றிரவு அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார்களோ!

போருக்குப் பிறகு சின்னச் சின்ன வேடங்கள், தொலைக்காட்சித் தொடர்கள். திரும்பப் பேரும் புகழும் வந்தது 1964-ல். ஏபிசி சேனலின் 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' தொடரில் அங்கிள் ஃபெஸ்டர் வேடம். மொட்டைத் தலை, கறுத்த கண்கள், வாயில் பல்பை வைத்தால் அது எரியும்! நெட்ஃபிளிக்ஸில் 'வெட்னஸ்டே' பார்த்தவர்களுக்கு அந்தக் கதாபாத்திரம் தெரிந்திருக்கும். அதைத் திரையில் முதலில் உருவாக்கிக் கொடுத்தவர் இவர்தான். தொடர் 64 எபிசோடுகளோடு 1966-ல் முடிந்தாலும், மறு ஒளிபரப்பில் பல தலைமுறைக் குழந்தைகள் பார்த்தார்கள். அவர்களில் பலருக்கு, அந்த மொட்டை மாமாதான் ஒருகாலத்தில் கிராப் வைத்த அந்தப் பிள்ளை என்பதே தெரியாது.

1972-ல், கௌரவ ஆஸ்கர் வாங்குவதற்காக 20 வருடம் கழித்து அமெரிக்கா திரும்பினார் சாப்ளின். லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் வரவேற்கக் காத்திருந்தவர்களில் ஜாக்கியும் ஒருவர். 82 வயதுச் சாப்ளின் அவரை அடையாளம் கண்டு கட்டியணைத்துக்கொண்டார்.

1984 மார்ச் 1-ல், 69 வயதில் ஜாக்கி கூகன் காலமானார்.

ஓட்டை அடைபட்டது எப்போது?

அவர் இறந்து 16 வருடம் கழித்து. 2000 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் சட்டம் திருத்தப்பட்டது. குழந்தையின் சம்பளம் குழந்தைக்கே சொந்தம் என்று முதல்முறையாகத் தெளிவாகச் சொன்னார்கள். ஒப்பந்தம் நீதிமன்றம் போனாலும் போகாவிட்டாலும், மொத்தச் சம்பளத்தில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டே ஆகவேண்டும். நியூயார்க்கும் இதேபோன்ற சட்டத்தைக் கொண்டுவந்தது.

அடுத்த ஓட்டை சோஷியல் மீடியா. வீட்டுக்குள்ளேயே கேமரா, அப்பா அம்மாவே தயாரிப்பாளர். ஒப்பந்தமும் கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது. இங்கே யாரை முதலாளி என்று சொல்வது? 2024 ஜூலை 1 முதல், வீடியோக்களில் வரும் குழந்தைகளுக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்க வேண்டும் என்ற சட்டத்தை இல்லினாய் மாநிலம் அமலுக்குக் கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் கலிஃபோர்னியாவும் கூகன் சட்டத்தை இந்த 'குட்டி இன்ஃப்ளூயன்சர்'களுக்கு நீட்டித்தது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இந்தியாவில் என்ன நிலை என்று கேட்பீர்கள். 2017-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, சினிமாவிலோ நிகழ்ச்சியிலோ குழந்தையை நடிக்க வைக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் ஃபிக்சட் டெபாசிட்டாக நேரடியாகப் போட வேண்டும். குழந்தை மேஜரான பிறகே அந்தப் பணம் கைக்கு வரும். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு நடிப்பு வாய்ப்பு வந்தால், இந்த டெபாசிட் ரசீதைக் கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

கலிஃபோர்னியாவில் இப்போது பிள்ளையை நடிக்க அனுப்பும் பெற்றோர் முதலில் செய்கிற காரியங்களில் ஒன்று, வங்கிக்குப் போய் ஒரு கணக்குத் திறப்பது. அதன் பெயரே 'கூகன் அக்கவுன்ட்'. அதில் பணம் போடலாம். பிள்ளைக்கு 18 வயது ஆகும் வரை, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அப்பாவோ அம்மாவோ அதிலிருந்து எடுக்க முடியாது.